முதல் ஜாய்ஸ்டிக்: குறைந்த செலவில் விமான சிமுலேட்டர் பழகுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில் ஏறுகிறவையும் இறங்குகிறவையும் தெரியும். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்ததும் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. ஹெலிகாப்டர்களும் போர் விமானங்களும் இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன. இந்தச் சத்தத்தில் வளரும் பிள்ளைகளுக்குக் கணினியிலாவது ஒரு விமானத்தை ஓட்டிப் பார்க்க ஆசை வராமல் இருக்காது. என் அக்கா மகனுக்கும் வந்தது. "மாமா, எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்? பன்னிரண்டு பட்டன் வச்சது போதுமா, பதினாறு வேணுமா?" என்று கேட்டான்.

எல்லோரும் பட்டன்களைத்தான் எண்ணுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. தச்சர்கள் 'ஒரு நூல்' என்று ஓர் அளவு சொல்வார்கள், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஸ்டிக்கை நடுவிலிருந்து ஒரு நூல் நகர்த்தும்போது விமானமும் அந்த ஒரு நூலுக்குத் தகுந்தாற்போல் அசைகிறதா, கையை எடுத்ததும் அதே நடுவுக்குத் திரும்பி நிற்கிறதா? பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி உங்கள் கை அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் இருக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு நூலைச் சரியாக வைத்துக்கொள்ளும் வழிகள்தான்.

முதல் படி: ஒரு வாரம் எதுவும் வாங்காதீர்கள்

வீட்டில் இருக்கும் மவுஸையோ கேம்பேடையோ வைத்து முதலில் ஒரு வாரம் பறந்து பாருங்கள். ஃப்ளைட்கியர் முழுக்க இலவசமான சிமுலேட்டர். 1997 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எக்ஸ்-பிளேனுக்கு இலவச டெமோ இருக்கிறது. போர் விமான ஆசை என்றால் டிசிஎஸ் வேர்ல்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதோடு சுகோய் 25டி ஒன்றும் ஆயுதமில்லாத மஸ்டாங் ஒன்றும் சேர்ந்தே வரும்.

அந்த ஒரு வாரத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, உங்களுக்குப் பிடித்தது சின்ன செஸ்னாவா, ஏர்பஸ்ஸா, போர் விமானமா என்பது. எந்த ஸ்டிக் வாங்குவது என்பதை இதுதான் தீர்மானிக்கும். இரண்டாவது, உங்கள் கணினி தாங்குமா என்பது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 இரண்டுமே நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேகமான இணையமும் கேட்கும். நிலப்பரப்பையே இணையம் வழியாக இறக்கிக் காட்டுகிற சிமுலேட்டர்கள் அவை. திரை விட்டு விட்டு நகர்ந்தால் எவ்வளவு நல்ல ஸ்டிக்காலும் தரையிறங்க முடியாது. கை அசைவுக்கும் கண் பார்ப்பதற்கும் நடுவே வரும் தாமதம் உங்களை எப்போதும் அதிகமாகத் திருத்த வைக்கும். அப்படி இருந்தால் பணத்தை முதலில் கணினிக்கு ஒதுக்குங்கள், அல்லது ஃப்ளைட்கியரில் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொண்டு அதிலேயே பழகுங்கள்.

இரண்டாவது படி: நான்கு அச்சுகள்

விமானத்துக்குத் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டிய கட்டளைகள் நான்கு. ஸ்டிக்கை முன்னும் பின்னும் சாய்த்தால் மூக்கு இறங்கும், ஏறும், அது எலிவேட்டர். இடம் வலமாகச் சாய்த்தால் இறக்கைகள் சாயும், அது அய்லரான். மூக்கை இடமோ வலமோ திருப்புவது ரட்டர், நிஜ விமானத்தில் அது காலில் இருக்கும். நான்காவது என்ஜினுக்கான த்ராட்டில்.

இவற்றில் புதியவர்கள் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவது ரட்டரை. அக்கா மகன் முதலில் நண்பனிடம் இரவல் வாங்கி வந்த ஸ்டிக்கில் ரட்டருக்கு வழியே இல்லை. செஸ்னாவை ஓடுதளத்தில் நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் தள்ளினான். பத்து விநாடிக்குள் விமானம் புல்வெளியில் இருந்தது. "நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன் மாமா, அதுவா இடது பக்கம் போகுது" என்றான். அவன் சொன்னது உண்மை. செஸ்னாவின் ப்ரொப்பெல்லர், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். அதன் எதிர்விசையும், உடலைச் சுற்றிக்கொண்டு போய் வால் இறக்கையின் இடப்பக்கம் மோதும் காற்றும் சேர்ந்து மூக்கை இடது பக்கம் இழுக்கும். அதனால்தான் பயிற்சி ஆசிரியர்கள் மாணவர்களிடம் ஓயாமல் 'வலது ரட்டர், வலது ரட்டர்' என்கிறார்கள்.

பெடல் தனியாக வாங்கக் காசு வேண்டும். ஆரம்பத்தில் அதற்குப் பதிலாக, கைப்பிடியையே ஜாடி மூடி திருகுவது போல இடமும் வலமும் திருப்பக்கூடிய ஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ட்விஸ்ட் என்று பெயர். விலை மிகக் குறைவான, நான்கைந்து பட்டன் மட்டும் உள்ள ஸ்டிக்குகளில் ட்விஸ்ட் இருக்கிறதா என்று பெட்டியின் மேல் அச்சுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று அச்சு என்றால் வேண்டாம். நான்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: உள்ளே என்ன இருக்கிறது

பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்று சத்தம் வந்தது நினைவிருக்கிறதா? குமிழுக்கு அடியில் வளைவாக ஒரு கரித்தடம் இருக்கும், அதன்மேல் மெல்லிய உலோகக் கை ஒன்று உரசிக்கொண்டு போகும். கை நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறும். வருடக்கணக்கில் உரசி உரசித் தடம் தேய்ந்து, தூசு சேர்ந்ததும் தொடர்பு விட்டு விட்டு வரும். அந்தக் கரகரப்பு அதனால்தான். இதே பொட்டென்ஷியோமீட்டர்தான் விலை குறைந்த பல ஜாய்ஸ்டிக்குகளில் இருக்கிறது. சத்தத்துக்குப் பதிலாக இங்கே அளவு துள்ளும். நீங்கள் கையை அசைக்காதபோதும் விமானத்தின் வால் படபடக்கும். ஆங்கிலத்தில் ஜிட்டர் என்பார்கள்.

இன்னொரு வகை ஹால் சென்சார். மின்னோட்டம் பாயும் கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதை எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறு காந்தம், அதற்கு எதிரே சென்சார். ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாததால் தேய்மானம் இல்லை. அளவும் நுணுக்கமாகக் கிடைக்கும்.

கடைக்காரர்களும் விளம்பரங்களும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. 'ஹால் சென்சார்' என்று எழுதியிருக்கும் நடுத்தர விலை ஸ்டிக்குகளில் அது முன்பின், இடவலம் ஆகிய இரண்டு அச்சுகளுக்கு மட்டும் இருக்கலாம். ட்விஸ்டுக்கும் த்ராட்டிலுக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டரே இருக்கும். அதனால் முதலில் கெட்டுப்போவதும் ட்விஸ்ட்தான். எந்த ஸ்டிக் வாங்கினாலும் ட்விஸ்டைத் தனியாகச் சோதிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சென்சார் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஸ்பிரிங். மலிவான ஸ்டிக்குகளில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருப்பது போலத் தோன்றும். அதிலிருந்து வெளியே வர ஓர் அழுத்தம் வேண்டும், வந்ததும் ஸ்டிக் சட்டென்று கூடுதலாக நகர்ந்துவிடும். தரையிறங்கும் கடைசி ஐம்பது அடியில் இது மிகவும் படுத்தும். முழுக்கத் தவிர்க்க முடியாது. பின்னால் அமைப்புகளில் கொஞ்சம் சமாளிக்கலாம்.

நான்காவது படி: எதை வாங்குவது

விலை மாதத்துக்கு மாதம், கடைக்குக் கடை மாறுகிறது. ரூபாய்க் கணக்கைவிட, ஒன்றைவிட ஒன்று எவ்வளவு கூடுதல் என்று பார்ப்பது உதவும்.

மிகக் குறைந்த செலவில் நான்கு அச்சும் வேண்டும் என்றால் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ. பன்னிரண்டு பட்டன், தலையில் கட்டைவிரலால் எட்டுத் திசைக்கும் தள்ளும் ஹாட் ஸ்விட்ச், ட்விஸ்ட், அடிப்பாகத்தில் சின்ன த்ராட்டில் நெம்பு. இருபது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பு, இன்னும் விற்கிறது. செருகினால் எல்லா சிமுலேட்டரும் அடையாளம் கண்டுகொள்ளும். கைப்பிடி வலது கைக்கு வார்த்தது, இடக்கைக்காரர்களுக்கு ஒத்து வராது. நடு கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். ஆறு மாதம் பழகிப் பார்த்து, இந்த ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது அடுத்த தட்டில் இருக்கும் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். முக்கியமான இரண்டு அச்சுகளுக்கும் ஹால் சென்சார், பதினாறு பட்டன். கைப்பிடியின் பக்கத் தகடுகளைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் இடது கைக்கும் பொருந்தும். இடது கை இடக்கைக்காரர்களுக்கு மட்டும் வேண்டியதில்லை. ஏர்பஸ் ஏ320-இல் கேப்டன் இடப்பக்கம் உட்கார்ந்து இடது கையால்தான் பக்கவாட்டு ஸ்டிக்கைப் பிடிப்பார், வலது கை த்ராட்டிலில் இருக்கும். இந்த ஸ்டிக்கின் குறை ட்விஸ்ட். நாளாக ஆக அது துள்ள ஆரம்பிப்பது தெரிந்த விஷயம்.

ஏர்பஸ் மட்டும்தான் ஓட்டப்போகிறேன் என்கிறவர்களுக்கு அதே நிறுவனத்தின் டிசிஏ சைட்ஸ்டிக் இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் டி.16000எம்மின் அமைப்பே, வெளியே ஏ320-இன் ஸ்டிக் வடிவம். ஏ320-இல் ஸ்டிக்கிலிருந்து கம்பிவடம் கிடையாது, கணினி வழியாகவே கட்டளை போகும். ஸ்டிக்கை விட்டால் விமானம் இருந்த நிலையிலேயே நிற்கும். ஸ்பிரிங் ஸ்டிக்குக்கு இதைவிடப் பொருத்தமான பயணிகள் விமானம் இல்லை.

போர் விமானப் பிரியர்கள் த்ராட்டில் தனியாக, இடது கைக்கு வரும் டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் எக்ஸ் போன்றதைப் பாருங்கள். த்ராட்டிலிலும் ஸ்டிக்கிலும் கை வைத்தபடியே எல்லாம் செய்வதற்கான அமைப்பைத்தான் ஹோட்டாஸ் என்கிறார்கள். இதில் ரட்டருக்கு ட்விஸ்டும் உண்டு, த்ராட்டிலின் முன்பக்கம் விரலால் அழுத்தும் தகடும் உண்டு. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். ஸ்டிக்கில் ஹால் சென்சார் இல்லை.

விகேபி கிளாடியேட்டர் போன்றவை இவற்றுக்கெல்லாம் மேலான தரம். ஆனால் 'குறைந்த செலவு' என்ற சொல்லுக்குள் அடங்காது. பெயர் தெரியாத நிறுவனங்களின் ஸ்டிக்குகளை, எவ்வளவு பட்டன் இருந்தாலும், நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஐந்தாவது படி: பெங்களூரில் வாங்குவது

எஸ்.பி. ரோட்டில் கணினிச் சாமான்கள் கிடைக்காத கடை இல்லை. ஆனால் ஜாய்ஸ்டிக் எல்லாக் கடையிலும் இருக்காது. கேம்பேடைக் காட்டி "இதுவும் அதுதான் சார்" என்பார்கள். போகும்முன் போனில் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய உண்டு. "அண்ணா, பிரித்து ஒரு தடவை லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டு எடுத்துக்கிறேன்" என்று கேட்டால் பலர் மறுப்பதில்லை. மடிக்கணினியைக் கையோடு கொண்டு போங்கள். பில்லும் வாரன்டியும் இறக்குமதியாளர் பெயரோடு இருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். பொருள் வரும் நாளில் நீங்கள் ஊரில் இருக்கிற மாதிரி ஆர்டர் செய்யுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

பழைய பொருள் வாங்குவதில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். நகரத்தின் மறுகோடியில் ஒருவரிடம் பாதி விலைக்கு ஒரு ஸ்டிக் கிடைத்தது. அவர் கேம் ஒன்றைப் போட்டுக் காட்டினார், விமானம் அழகாகப் பறந்தது. வீட்டுக்கு வந்து சோதித்தால், ட்விஸ்டைத் தொடாமலே அளவு ஏழெட்டு சதவீதம் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் அந்த விளையாட்டில் ரட்டருக்கு ட்விஸ்டை ஒதுக்கியிருக்கவே இல்லை. கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. பழையதை வாங்குகிறவர்கள், விற்பவர் காட்டும் விளையாட்டைப் பார்க்காதீர்கள். அடுத்த படியில் வரும் சோதனையை அங்கேயே செய்யுங்கள்.

ஆறாவது படி: முதல் மாலைச் சோதனை

சிமுலேட்டரைத் திறக்காதீர்கள். ஸ்டிக்கை மேசையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, யுஎஸ்பியைச் செருகுங்கள். பல ஸ்டிக்குகள் செருகும் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கைப்பிடியைப் பிடித்திருந்தால் கோணலான நடுவோடு பறப்பீர்கள். ஹப் வழியாக வேண்டாம், கணினியில் நேராகச் செருகுங்கள்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் சிறு ஜன்னல் ஒன்று வரும். ஸ்டிக்கின் பெயரைத் தேர்ந்து 'ப்ராப்பர்ட்டீஸ்' அழுத்துங்கள். சதுரத்துக்குள் ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் பட்டைகள், கீழே பட்டன்களுக்கு வட்டங்கள் தெரியும். லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் என்ற கருவி இதே வேலையைச் செய்யும்.

ஸ்டிக்கை வலது ஓரம் வரை கொண்டுபோய், விரலை விடாமல் மெல்லத் திரும்ப விடுங்கள். சிலுவை எங்கே நிற்கிறது? இப்போது இடது ஓரத்திலிருந்து அதே போல. இரண்டு தடவையும் நிற்கும் இடம் கொஞ்சம் வித்தியாசப்படும். மலிவான ஸ்டிக்கில் அது சகஜம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி இருந்தால் குறித்து வையுங்கள். எட்டாவது படியில் வரும் டெட்ஸோன் வைக்க அந்த அளவுதான் தேவைப்படும்.

அடுத்தது ஒரு நூல் சோதனை. சுண்டுவிரலால் கைப்பிடியைத் தொட்டு, அசைகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத் தள்ளுங்கள். சிலுவையும் அதே அளவு நகர வேண்டும். நகராமல் இருந்து சட்டென்று தாவினால் அந்தத் தாவல்தான் ஓடுதளத்தின் மேல் உங்களை மேலும் கீழும் ஆட்டும். பிறகு ஓரமாகவே வட்டம் சுற்றுங்கள். நான்கு ஓரத்தையும் முழுக்கத் தொடுகிறதா பாருங்கள்.

ட்விஸ்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து விநாடி எடுத்துக்கொண்டு திருப்புங்கள். பட்டை எண்ணெய் வழிவது போல நகர வேண்டும். நடுவில் விட்டதும் அசையாமல் நிற்க வேண்டும். த்ராட்டிலையும் இதே போல. இதே ஜன்னலில் அளவுதிருத்தும் பகுதிக்குள் 'டிஸ்ப்ளே ரா டேட்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டால் எண்களாகவே தெரியும். கையை எடுத்த பிறகும் எண் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தால் அதுதான் ஜிட்டர். புதுப் பொருளில் அது இருந்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். போனில் படம் எடுத்து அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏழாவது படி: எங்கே வைப்பது

நல்ல ஸ்டிக்கை வாங்கி, கணினி மேசையில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் அது பாதி ஸ்டிக் ஆகிவிடுகிறது. மேசை உயரமானது. தோள் தூக்கியே இருக்கும், மணிக்கட்டு மடங்கும், கையின் எடை முழுவதும் கைப்பிடியில் தொங்கும். எடை தொங்குகிற கையால் ஒரு நூல் அசைக்க முடியாது.

முழங்கை ஏறத்தாழ நேர்கோணத்தில் மடங்க, முன்கை நாற்காலிக் கையிலோ தொடையிலோ படுத்திருக்க, விரல்கள் மட்டும் கைப்பிடியைத் தொட வேண்டும். நான் செய்தது இது: ஓர் அடி நீளப் பலகையை வெட்டி, நாற்காலிக் கைக்கு இரண்டு வளையக் கிளாம்பால் இறுக்கி, அதன்மேல் வெல்க்ரோ ஒட்டி ஸ்டிக்கை உட்கார வைத்தேன். நாற்காலிக்குக் கை இல்லையென்றால் பலகையை இரண்டு தொடைக்கும் குறுக்கே வைத்து, ஒரு முனையை இருக்கைக்கு அடியில் செருகிக்கொள்ளலாம். எதுவும் முடியாதவர்கள் அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் வலை விரிப்பை அடியில் போடுங்கள், வழுக்குவதாவது நிற்கும். அடிப்பாகம் நகராமல் நின்றாலே உங்கள் பறத்தல் ஒரே நாளில் மாறிவிடும்.

எட்டாவது படி: சிமுலேட்டரில் அமைப்பது

முதலில் அச்சுகள். சிமுலேட்டர் தானாகவே ஒதுக்கியிருக்கும், இருந்தாலும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே தூக்க வேண்டும், மூக்கு ஏற வேண்டும். த்ராட்டிலை முன்னால் தள்ளும்போது திரையில் பின்னால் வந்தால் 'ரிவர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேம்பேடும் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், ஒரே வேலைக்கு இரண்டு கருவி ஒதுக்கப்பட்டுவிடும். ட்விஸ்டை ரட்டருக்குக் கொடுத்த பிறகு, 'ஆட்டோ ரட்டர்' போன்ற உதவி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையேல் அதுவும் உங்கள் கையும் ஒன்றையொன்று எதிர்க்கும்.

டெட்ஸோன் என்பது நடுவைச் சுற்றி எதையும் கண்டுகொள்ளாத பகுதி. சோதனையில் பார்த்த இடைவெளியை மூடும் அளவுக்கு மட்டும் வையுங்கள். ஹால் சென்சார் ஸ்டிக்குக்கு ஒன்று, இரண்டு சதவீதம் போதும். மற்றவற்றுக்கு மூன்று முதல் ஐந்து. ட்விஸ்டுக்கு மட்டும் எட்டு வரை போகலாம், ஏனென்றால் ஸ்டிக்கைச் சாய்க்கும்போது தெரியாமலே கை கொஞ்சம் திருகும். பத்து, பதினைந்து என்று போட்டுவிட்டால் மிக முக்கியமான அந்த ஒரு நூலையே தூக்கி எறிந்துவிடுகிறீர்கள்.

அடுத்து வளைவு. நிஜ செஸ்னாவில் கட்டுப்பாட்டுச் சக்கரம் நீளமாக நகரும். உங்கள் ஸ்டிக் நகர்வது ஒரு சாண்கூட இல்லை. அதே வேலையை இவ்வளவு சின்ன தூரத்தில் செய்ய வேண்டியிருப்பதால் தொட்டாலே எல்லாம் துள்ளுவதாகத் தோன்றும். நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் பதில் தரும்படி வளைவை மாற்றுவது இதற்காகத்தான். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 'சென்சிட்டிவிட்டி' அளவை எலிவேட்டருக்கும் அய்லரானுக்கும் மைனஸ் 30 பக்கம் வைத்துத் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் பறந்துவிட்டு ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள். எக்ஸ்-பிளேனிலும் இதே மாதிரி வளைவு அமைப்பு உண்டு. த்ராட்டிலுக்கு வளைவு வேண்டாம், நேர்கோடாகவே இருக்கட்டும்.

பட்டன்களில் கட்டைவிரல் எட்டும் இரண்டை ட்ரிம் மேலே, ட்ரிம் கீழே என்று வையுங்கள். ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கும் அமைப்புதான் ட்ரிம். ஆள்காட்டி விரலுக்கு வரும் ட்ரிகரில் பிரேக். ஹாட் ஸ்விட்சில் சுற்றும் முற்றும் பார்ப்பது. அடிப்பாகத்தில் ஃபிளாப்ஸ் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு), இறங்கு சக்கரம். இவ்வளவுதான். மீதியை மவுஸால் காக்பிட்டிலேயே சொடுக்குங்கள், எந்தப் பொத்தான் எங்கே என்று அப்போதுதான் மனதில் பதியும்.

ஒன்பதாவது படி: எச்.ஏ.எல். ஓடுதளத்தில் ஒரு சுற்று

பழகுவதற்கு நம் ஊர் ஓடுதளமே நல்லது. விமான நிலையக் குறியீடு வி.ஓ.பி.ஜி. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், புதியவருக்கு அவ்வளவு இடம் வேண்டும். 2001 ஜனவரி 4 அன்று, பின்னால் தேஜஸ் என்று பெயர் பெற்ற போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது இந்த ஓடுதளத்திலிருந்துதான். செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காற்று இல்லாத தெளிந்த காலை வைத்துக்கொள்ளுங்கள்.

உயரமானியைப் பாருங்கள். தரையில் நிற்கும்போதே சுமார் 2,900 அடி காட்டும். பெங்களூரு அவ்வளவு மேட்டில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தில் ஐம்பது அடி சொச்சம்தான். ஆகவே தரைக்கு மேல் ஆயிரம் அடியில் சுற்ற வேண்டுமென்றால் முள் 3,900-இல் நிற்க வேண்டும். காற்று மெலிந்திருப்பதால் ஓட்டம் சென்னையைவிட நீளும், ஏற்றம் மந்தமாக இருக்கும். ஸ்டிக்கைக் குறை சொல்லாதீர்கள்.

த்ராட்டிலை மூன்று விநாடி எடுத்துக்கொண்டு முழுக்கத் தள்ளுங்கள். மூக்கு இடது பக்கம் போக நினைக்கும். ட்விஸ்டை வலது பக்கம் கொஞ்சம் திருகி, ஓடுதளத்தின் மறுகோடியைப் பாருங்கள், மூக்கைப் பார்க்காதீர்கள். வேகம் 55 நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற கணக்கு) ஆனதும் ஸ்டிக்கை மெல்லப் பின்னால் இழுங்கள். 74 நாட் பக்கம் வேகம் நிற்கும்படி மூக்கை வைத்து ஏறுங்கள்.

இங்கேதான் ட்ரிம். ஏறும்போது ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அப்படியே பிடித்துக்கொண்டு 'ட்ரிம் மேலே' பட்டனை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கையை ஒரு நூல் முன்னால் தளர்த்துங்கள். கடைசியில் ஸ்டிக் நடுவில் நிற்கும், மூக்கு நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். நிஜ செஸ்னாவில் ட்ரிம் செய்தால் கட்டுப்பாட்டுச் சக்கரத்தின் ஓய்வு நிலையே நகரும். ஸ்பிரிங் ஸ்டிக்கில் ஓய்வு நிலை எப்போதும் நடுதான் என்பதால் இந்தத் தளர்த்தலை நீங்களே செய்ய வேண்டும். இதைச் சொல்லித் தராததால்தான் பல பேர் முதல் மாதத்திலேயே 'விமானம் நேரா பறக்கவே மாட்டேங்குது' என்று விட்டுவிடுகிறார்கள். அக்கா மகனுக்கு இது பிடிபட மூன்று மாலை ஆனது. பிடிபட்ட அன்று கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அல்சூர் ஏரி கீழே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் சில நாள் தரையிறங்க அவசரப்படாதீர்கள். நேராகப் பறப்பது, இருபது பாகை சாய்த்துத் திரும்புவது, வேகத்தைக் குறைத்து உயரம் மாறாமல் பறப்பது ஆகிய மூன்றும் கைக்கு வரட்டும். பிறகு 65 நாட் வேகத்தில் ஓடுதளத்தை நோக்கி இறங்கிப் பாருங்கள்.

பராமரிப்பு

பறக்காத நேரத்தில் ஒரு துணியால் மூடி வையுங்கள். பெங்களூரின் கட்டடத் தூசு பொட்டென்ஷியோமீட்டருக்கு நல்லதல்ல. வருடம் போய் ட்விஸ்ட் துள்ள ஆரம்பித்தால் முதலில் கோடிக்குக் கோடி ஐம்பது தடவை திருப்புங்கள், சில சமயம் தூசு விலகிச் சரியாகும். ஆகவில்லை, வாரன்டியும் முடிந்துவிட்டது என்றால் திறக்கலாம். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் போனில் ஒரு படம் எடுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடும், பெரிய தட்டுக்குள் வைத்துத் திறங்கள். எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். அதைப் பொட்டென்ஷியோமீட்டரின் சந்தில் ஒரு பீச்சு அடித்து, திருப்பித் திருப்பி, முழுக்க உலரவிட்டு மூடுங்கள். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது. அது பிசுக்காகத் தங்கித் தூசை இழுக்கும். ஓட்டத்தின் நடுவில் ஸ்டிக் தானாகத் துண்டித்துக்கொண்டு மறுபடி இணைந்தால் அது பெரும்பாலும் ஸ்டிக்கின் குற்றம் இல்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள்.

அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: விலை கூடிய ஸ்டிக்குக்குப் போகும் முன் ரட்டர் பெடல். காலுக்கு வேலை வந்ததும் கை இலேசாகிவிடும். தரையில் ஓட்டுவதும் பக்கக் காற்றில் இறங்குவதும் அப்போதுதான் நிஜமாகப் புரியும். பெடலைச் செருகிய அன்றே, ஸ்டிக்கின் ட்விஸ்டுக்கு ரட்டர் ஒதுக்கீட்டை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே வாலை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது.